பாரந்தூக்கித் தொழிலும் பயிற்சியும்

(தோட்ட இளைஞர் யுவதிகளுக்கான தொழில் வழிகாட்டல் கூட்டமொன்றில் கிரேன் இயக்குநர் ஒருவர் ஆற்றிய உரை)



நானும் லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவன்தான். அம்மா கொழுந்து எடுத்தாங்க. அப்பாவுக்கு ஸ்டோரில வேலை. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்புக்குப் போய், கட்டட வேலையில் உதவியாளாகச் சேர்ந்தேன். அங்கே பாரந்தூக்கி, அதாவது நாம சொல்ற கிரேன், ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தே லீவர்களைப் பழகிக்கொண்டேன். ஆறு மாதத்தில் "எனக்கும் தெரியும்" என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு நாள் மழை விட்ட நேரம். கம்பிக்கட்டு ஒன்றை "இன்னும் கொஞ்சம் தள்ளி வை" என்றார் மேற்பார்வையாளர். மறுத்துப் பேசத் தெரியவில்லை, கிரேனின் கையை நீட்டினேன். கிரேனின் ஊன்றுகால் ஒன்று புதுமண்ணில் புதைந்தது. கிரேன் சரிந்து கம்பிக்கட்டு விழுந்ததில், எங்கள் தோட்டத்துத் தம்பி ஒருவனின் கால் நசுங்கியது. இன்றைக்கும் அவன் ஊன்றுகோலோடுதான் நடக்கிறான்.

அதற்குப் பிறகுதான் முறையான பயிற்சிக்குப் போனேன். லீவர் பிடிப்பது இந்தத் தொழிலில் சின்னப் பங்குதான், கணக்குத்தான் பெரிய பங்கு என்று அங்கேதான் விளங்கியது.

தண்ணீர் வாளியை உடம்போடு ஒட்டித் தூக்கினால் லேசு. அதே வாளியைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்க, தோள் கழன்றுவிடும். கிரேனும் அப்படித்தான். 25 தொன் கிரேன் என்றால் எல்லா இடத்திலும் 25 தொன் தூக்கும் என்று அர்த்தமில்லை. அது மிகக் கிட்டத்தில் மட்டுமே. தூரம் கூடக் கூட தூக்கும் பாரம் குறையும். எந்தத் தூரத்தில் எவ்வளவு என்று ஒவ்வொரு கிரேனுக்கும் ஒரு பார அட்டவணை இருக்கிறது. அதை வாசிக்கத் தெரியாதவர் கிரேனில் ஏறவே கூடாது.

அடுத்தது நிலம். மட்டக்கம்பு போட்டுக் கொழுந்து எடுக்கிற நமக்கு மட்டம் என்றால் என்ன என்று தெரியும். கிரேனும் மட்டமாக நிற்க வேண்டும். ஊன்றுகாலுக்குக் கீழே பலமான பலகை போட வேண்டும்.

மூன்றாவது கட்டுகிற விதம். 1,000 கிலோ பாரத்தை இரண்டு கயிறு நேராகத் தாங்கினால் ஆளுக்கு 500 கிலோ. கயிறுகள் விரிந்து, கிடைமட்டத்திலிருந்து 30 பாகையில் நின்றால் ஒவ்வொன்றிலும் 1,000 கிலோ இழுவை விழும். பாரம் கூடவில்லை, ஆனாலும் கயிறு அறும்.

நான்காவது சைகை. சுட்டுவிரலை மேலே நீட்டி வட்டம் போட்டால் தூக்கு, கீழே காட்டி வட்டம் போட்டால் இறக்கு. சைகை காட்டுகிறவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் "நிறுத்து" என்று யார் காட்டினாலும் உடனே நிறுத்த வேண்டும்.

தங்கைமாரே, இந்தத் தொழிலுக்கு உடல்பலத்தைவிடக் கண்ணும் காதும் பொறுமையும்தான் முக்கியம். உங்களாலும் முடியும்.

பயிற்சியில் சேரும் முன், அந்த நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழ் கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஏற்கனவே வேலை அனுபவம் உள்ளவர்களும் திறமையைப் பரிசோதிக்கச் செய்து தகைமை பெற வழியுண்டு. வீதியில் ஓடும் கிரேனுக்கு அதற்குரிய சாரதி அனுமதிப்பத்திரமும் தேவை. ஆனால் அது ஓட்டத்தான், பாரம் தூக்கும் திறமைக்கு அத்தாட்சி அல்ல.

"காசைக் கொடு, இரண்டு நாளில் சான்றிதழ், வெளிநாடு போகலாம்" என்று யாராவது வந்தால் நம்ப வேண்டாம். அம்மா தோட்டைக் கழற்றி அடகு வைத்த காசு அது. அந்தக் காகிதம் பாரத்தைத் தாங்காது.

கடைசியாக ஒன்று. மேலே உள்ளவர் சொன்னால் தலையாட்டியே பழகியவர்கள் நாம். பயிற்சி எனக்குத் தந்த பெரிய சொத்து, அட்டவணையைக் காட்டி "முடியாதுங்க ஐயா, கிரேனைக் கிட்டக் கொண்டு வரணும்" என்று சொல்லும் துணிவு. அன்றைக்கு அது எனக்கு இருந்திருந்தால் அந்தத் தம்பி இன்று நேராக நடந்திருப்பான்.