நீதிபதி நாற்காலிக்கு ஊரிலிருந்து ஒரு வழி



பவானிக்குப் பக்கத்தில் காடப்பநல்லூர் என்று ஒரு கிராமம். 1949ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி அந்த ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் பி. சதாசிவம். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி அவர்தான். சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் பட்டம் வாங்கினார். பிறகு சென்னை அரசு சட்டக் கல்லூரியில் சட்டம் படித்தார். 1973 ஜூலையில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். அன்று போட்ட கறுப்புக் கோட்டோடு 27 ஆண்டுகளுக்கு மேல் உயர் நீதிமன்றத்தில் உழைத்தார். அரசு வழக்கறிஞர் பொறுப்புகளையும் வகித்தார். 2001 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி, 2007 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற நீதிபதி, 2013 ஜூலை 19 அன்று இந்தியாவின் 40ஆவது தலைமை நீதிபதி. பதஞ்சலி சாஸ்திரிக்கு அடுத்து, தமிழகத்திலிருந்து அந்த இடத்துக்குப் போனவர் இவர்.

இந்த நெடும் பயணத்தில் எந்த இடத்திலும் அவர் மக்களிடம் ஓட்டுக் கேட்கவில்லை. நீதிபதிகள் ஓட்டுக் கேட்கும் வழக்கம் நம் நாட்டில் கிடையாது. ஆனால் தலைமை நீதிபதியான இரண்டே மாதத்தில், 2013 செப்டம்பர் 27 அன்று, அவர் தலைமையிலான அமர்வுதான் வாக்குப்பதிவு இயந்திரத்தில் 'நோட்டா' பொத்தான் வைக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் நடைமுறை வேறு. ஜார்ஜியா மாநிலத்தில் கவுண்டி எனப்படும் 159 வட்டாரங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் உயில், சொத்துரிமை போன்ற விவகாரங்களைப் பார்க்க 'புரொபேட்' நீதிபதி ஒருவர் இருப்பார். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அவரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். படித்தது எங்கே, என்ன அனுபவம், எந்த ஊர்க்காரர் என்பதையெல்லாம் அவர் வாக்காளர்களிடம் சொல்லி ஓட்டுக் கேட்க வேண்டும்.

நம் அரசமைப்புச் சட்டம் வேறு வழியை எடுத்தது. 233, 234, 235 என்ற மூன்று பிரிவுகள் கீழ் நீதிமன்ற நீதிபதிகளின் நியமனத்தையும் கட்டுப்பாட்டையும் வரையறுக்கின்றன. ஆளுநர் நியமிக்கிறார், கட்டுப்பாடு உயர் நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. இது நமக்கு நல்லது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். காங்கேயத்தில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரு நிலவழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் பக்கம் பங்காளிகள், உறவுமுறை, ஊர்ப் பெரியவர்கள் என்று நூறு ஓட்டு இருக்கும். தங்கை பக்கம் அவள் ஓட்டு ஒன்றுதான். அந்த வழக்கைக் கேட்கும் நீதிபதி அடுத்த தேர்தலை நினைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதக் கூடாது.

ஆனால் ஓட்டு இல்லை என்பதால் நீதிபதி எந்த வழியாக வருகிறார் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாமல் போய்விட்டது. அது தெரிந்தால்தான் நம் பிள்ளைகளை அந்த வழியில் அனுப்ப முடியும். இன்று நான் சொல்ல வந்தது அதுதான்.

முதலில், அந்த நாற்காலியின் வேலை என்ன என்று தெரிய, சொத்து வழக்கில் நீதிபதி என்ன பார்க்கிறார் என்று சொல்லிவிடுகிறேன். நம் காங்கேயம் பகுதியில் சொத்து என்றால் வெறும் பணக் கணக்கு இல்லை. கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் இருக்கிறது. அதில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் காங்கேயம் மாடுகளும் இருக்கின்றன. கூட்டுக் கிணற்றில் பங்கு, அதில் மோட்டார் ஓட்டும் முறை, தேங்காய் உலர்த்தும் களம், அரிசி ஆலையில் பாகம் என்று எல்லாமே அதில் அடக்கம். குடும்பத் தலைவர் காலமானதும் முதலில் நாம் போவது தாலுகா ஆபீசுக்கு. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், யார் யார் வாரிசு என்று மட்டுமே சொல்லும். யாருக்கு எவ்வளவு பங்கு என்ற தகராறை அது தீர்க்காது. அதற்கு நீதிமன்றம்தான் போக வேண்டும்.

உயில் இருந்தால், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பேசும். உயிலை நிரூபிக்கும் புரொபேட் மனுவை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட நீதிபதிக்கு உண்டு. சென்னை மாநகரத்துச் சொத்துகளுக்கு நெடுங்காலம் புரொபேட் கட்டாயமாக இருந்தது; நம் பக்கம் அந்தக் கட்டாயம் இருந்ததில்லை. அதனால் இங்கே பெரும்பாலும் தகராறு வந்த பிறகுதான் உயில் நீதிபதியின் மேசைக்கு வருகிறது. எழுதியவர் உயிரோடு இருக்க மாட்டார். அவர் வாயால் கேட்க முடியாத ஒன்றை, சாட்சியின் வாயால்தான் கேட்க வேண்டும்.

உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்து இரண்டு வேண்டும். சாட்சிகள் உயிரோடு இருந்தால், குறைந்தது ஒருவராவது கூண்டில் ஏற வேண்டும். "பெரியவர் கையெழுத்துப் போட்டதை நீங்க பார்த்தீங்களா?" என்று வக்கீல் கேட்பார். "பாத்தனுங்க" என்பார் சாட்சி. "நீங்க போட்டதை அவரு பார்த்தாரா?" அங்கேதான் சில சாட்சிகள் தடுமாறுவார்கள். பத்திரம் எழுதும் இடத்தில் ஒருவர், வீட்டுத் திண்ணையில் ஒருவர் என்று தனித்தனியாகக் கையெழுத்து வாங்கியிருந்தால், ஒவ்வொரு சாட்சியும் பெரியவர் முன்னால்தான் போட்டாரா என்ற கேள்வி விழும். உயிலால் லாபம் அடையும் மகனே கூட இருந்து எழுத வைத்தாரா, கடைசிக் கால நோயில் பெரியவருக்கு நினைவு தெளிவாக இருந்ததா, மகளுக்கு ஒன்றுமே வைக்காததற்குக் காரணம் சொல்லியிருக்கிறதா என்றெல்லாம் நீதிபதி பார்ப்பார். சந்தேகம் எழுந்தால் அதைப் போக்கும் பொறுப்பு உயிலைக் காட்டுகிறவருடையது. 1958இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

உயில் இல்லாவிட்டால், மகளின் பங்குதான் பெரிய கேள்வி. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே உரிமை என்று தமிழகம் 1989 மார்ச் 25 முதல் சட்டம் செய்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணம் ஆன பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய சட்டம் அந்தத் தடையை எடுத்தது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறைப்படி முடிந்த பாகப்பிரிவினைகளை அது தொடவில்லை. 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஐயத்தைத் தீர்த்தது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்தும், கல்யாணத்தில் நகையும் சீரும் செய்தாயிற்று என்று சொல்லி, பொறந்தவளைக் கூப்பிட்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. மனம் ஒப்பி விட்டுக்கொடுத்தால் அது அவர் விருப்பம். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் போடும் கையெழுத்து விருப்பம் ஆகாது.

தமிழகத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போன அருணாசல கவுண்டர் வழக்கைப் பாருங்கள். ஒரே மகளை விட்டுவிட்டு ஒருவர் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு முன்பே இறந்துபோனார். அவர் சொந்தமாக வாங்கிய நிலம் மகளுக்கா, சகோதரர் மகனுக்கா என்பது கேள்வி. 1994இல் விசாரணை நீதிமன்றமும் 2009இல் உயர் நீதிமன்றமும் பெண் வழிக்கு எதிராகச் சொல்லின. 2022 ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றம், பழைய இந்து சட்டப்படியும் அந்தச் சொத்து மகளுக்கே என்று தீர்த்தது. முதல் தீர்ப்புக்கும் கடைசித் தீர்ப்புக்கும் நடுவே 28 ஆண்டுகள்.

இப்படிப்பட்ட வழக்குகளை முதலில் கேட்கும் நாற்காலியில், கொறங்காடும் கூட்டுக் கிணறும் தெரிந்த பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், கூடுதலாக உட்கார வேண்டும். சொந்த ஊரிலேயே பணி கிடைக்காது. சில ஆண்டுக்கு ஒருமுறை மாறுதலும் வரும். ஆனால் தமிழ்நாட்டில் எந்த ஊரில் உட்கார்ந்தாலும், சாட்சி சொல்லும் பெண்ணின் தயக்கம் எதனால் என்று அவர்களுக்குப் புரியும்.

அதற்கு வழி இருக்கிறது. தமிழகத்தில் உரிமையியல் நீதிபதிகளை அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்ந்தெடுக்கிறது. முதல்நிலைத் தேர்வு, பிறகு முதன்மைத் தேர்வு, கடைசியில் நேர்முகத் தேர்வு. ஜவ்வாது மலையில் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி அந்த வழியில் நடந்தவர். மலையாளி பழங்குடிப் பெண். 2023 நவம்பரில் முதன்மைத் தேர்வு வந்தபோது குழந்தை பிறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. காரில் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதினார். 23 வயதில் தேர்ச்சி பெற்றார்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் சட்டப் படிப்புக்கும் பொருந்தும். கோவையில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்தாண்டுப் படிப்பு. பட்டதாரிகளுக்கு மூன்றாண்டுப் படிப்பு.

ஆனால் இப்போது ஒரு புதிய படியும் சேர்ந்திருக்கிறது. உரிமையியல் நீதிபதி தேர்வு எழுத மூன்று ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிமன்ற நடைமுறை கற்று வரட்டும் என்ற நோக்கம் சரியானதே. ஆனால் பனியன் கம்பெனிக்குப் போனால் வாரக் கடைசியில் சம்பளம் கையில் வரும் ஊரில், ஜூனியர் வக்கீலாக மூன்று ஆண்டு வெறும் கையோடு நிற்க எத்தனை வீடு சம்மதிக்கும்? "கட்டிக்கொடுத்துவிடலாம்" என்ற பேச்சு முதல் வருஷமே வந்துவிடும்.

இதைத் தடுக்கும் வழியும் நம் கையில் இருக்கிறது. ஜூனியர்களுக்கு மூத்த வக்கீல்கள் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகையாகத் தர வேண்டும் என்று, சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் பார் கவுன்சிலுக்கு அறிவுறுத்தியது. காங்கேயம், தாராபுரம், திருப்பூர் நீதிமன்றங்களில் தொழில் செய்யும் மூத்த வக்கீல்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: உங்கள் அலுவலகத்தில் ஒரு கிராமத்துப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அந்த 15,000 ரூபாயை மாதம் தவறாமல் கொடுங்கள். பெற்றோரைக் கேட்டுக்கொள்வது: மகள் சட்டம் படித்துவிட்டு வந்தால், அந்த மூன்று ஆண்டை அவளுக்கு விட்டுக்கொடுங்கள். ஓட்டுப் போட்டு நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நமக்கு இல்லை. ஆனால் அந்த நாற்காலிக்குத் தகுதியான ஒரு பிள்ளையை நம் வீட்டிலிருந்து அனுப்பும் வாய்ப்பு நமக்கு உண்டு.