விடுதி அறையில் ஓர் ஒலி அரங்கு

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள் என் தமக்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். சென்னையில் பொறியியல் பயில்பவன். கல்லூரி விடுதியில் தங்கியிருப்பவன். மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து 12,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். "மாமா, என்னோடு ரிச்சி தெருவுக்கு வருகிறீர்களா? ஹோம் தியேட்டர் ஒன்று வாங்க வேண்டும். ஐந்து ஸ்பீக்கர்கள், ஒரு சப்வூஃபர்" என்றான். "வருகிறேன், ஆனால் முதலில் உன் அறையைக் காட்டு" என்றேன். கடைக்குப் போக வேண்டியவர் அறைக்கு ஏன் வருகிறார் என்று அவன் வியந்தான். மாணவ நண்பர்களே, உங்களுக்கும் அந்த வியப்பு எழலாம்.

அறை 12 அடி நீளம், 10 அடி அகலம். இரண்டு இரும்புக் கட்டில்கள், இரண்டு மேசைகள், ஓர் இரும்பு பீரோ, கொடியில் காயும் துணிகள். மின்சாரம் எடுக்கும் துளைகள் மொத்தம் இரண்டே. அவற்றிலும் ஒன்றைக் கைப்பேசிகள் பிடித்துக்கொண்டிருந்தன. நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினேன். பீரோ கிணுகிணுவென்று மறுமொழி சொல்லிற்று.

நம்மைச் சூழ்ந்து ஒலிக்கும் இந்த முறை எங்கே பிறந்தது? ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலப் பொறியாளர் இரு வழிகளில் ஒலியைப் பதிந்து இசைக்கும் முறைக்கு 1931-இல் காப்புரிமை கோரினார். 1940-இல் வால்ட் டிஸ்னியின் 'ஃபேண்டேசியா' படம் வெளிவந்தபோது, சில அரங்குகளில் மட்டும் பல ஒலிபெருக்கிகளை நிறுவி, இசை அரங்கினுள்ளே உலவுமாறு செய்தார்கள். பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோர் ஆளுக்கோர் இடத்தில் அமர்ந்திருப்பர். ஓரத்தில் இருப்பவனுக்கும் நடிகரின் குரல் திரையின் நடுவிலிருந்தே வரவேண்டும் என்பதற்காகவே அங்கே நடுப்பெட்டி வேண்டியிருக்கிறது. மேசைக்கு முன்னால் ஒருவனே அமர்ந்திருக்கும் அறையிலோ, இடமும் வலமுமாகச் சரியாக வைத்த இரண்டு பெட்டிகள் போதும். குரல் அவற்றின் நடுவிலிருந்து எழுவதாகவே செவி நம்பிவிடும். ஒலி ஒரு காதை அடைந்து மறு காதை அடைய ஆகும் நேரம், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த நுண்ணிய வேற்றுமையைக் கொண்டே ஒலி வரும் திசையை நாம் பெரிதும் அறிகிறோம்.

ஐந்து பெட்டிகள் ஒழுங்காக ஒலிக்க வேண்டுமானால், அவை கேட்பவனிடமிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் நிற்க வேண்டும். பின்னிரண்டும் தோளுக்குச் சற்றுப் பின்னே இருபுறமும் அமைய வேண்டும். அவன் அறையிலோ ஒரு பெட்டி காதுக்கு இரண்டு முழத்தில் கட்டில்மேல், மற்றொன்று ஐந்து முழத்தில் பீரோமேல் என்றுதான் வைக்க இயலும். இன்னொன்றையும் அவன் எண்ணியிருக்கவில்லை. அவனுடைய மடிக்கணினியின் ஹெட்ஃபோன் துளை வழியே வருவது இரண்டு ஒலி வழிகளே. புளூடூத் வழியாகச் சென்றாலும் பெரும்பாலும் அவ்வளவே. பாட்டுகளிலும் மிகுதியானவை இரு வழிகளில் பதிவானவைதாம். எஞ்சிய பெட்டிகள் கடன் வாங்கிய ஒலியைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். அதற்கும் நாம்தாம் விலை கொடுக்கிறோம்.

இனி அந்தச் சப்வூஃபர். 12 அடி நீள அறையில் நொடிக்கு ஏறத்தாழ 47 அதிர்வுகள் கொண்ட தாழ்ந்த ஒலி இரு சுவர்களுக்கும் இடையே கட்டுண்டு நிற்கும். சுவரோரம் அது ஓங்கி முழங்கும். அறையின் நடுவே ஏறக்குறைய மறைந்தே போகும். நடுவில் அமர்ந்த பையன், "இன்னும் போதவில்லை" என்று குமிழைத் திருப்புவான். தலையணையும் துணிமணியும் கூர்மையான ஒலிகளை ஓரளவு உறிஞ்சும். தாழ்ந்த ஒலியை அவை தடுப்பதில்லை. மெல்லிய சுவரும் அதற்குப் பெரிய தடையன்று. அது அடுத்த அறைக்குப் போய்விடும்.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்து அறிந்தவனல்லன். 1986-இல் நானும் விடுதி மாணவனாக இருந்தேன். பெரிய டேப்ரிக்கார்டர் ஒன்றைச் சுவரோடு ஒட்டிய அலமாரியில் வைத்துத் தேர்வுக் காலத்திலும் இரவு வெகுநேரம் பாட்டுக் கேட்பேன். அடுத்த அறை நண்பன் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. அவ்வாண்டு அவன் ஒரு பாடத்தில் தவறினான். இருபது ஆண்டுகள் கழித்து ஒரு திருமணப் பந்தியில் அருகருகே அமர்ந்தபோது, "பாட்டு ஒன்றும் கேட்காதப்பா; அந்தத் 'தும் தும்' மட்டும் தலையணைக்குள் கேட்கும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு அன்று பாயசம் இறங்கவில்லை. நண்பனின் பெயரை இங்கே சொல்வது முறையன்று.

பிறகு கடைக்குப் போனோம். பெட்டியின்மேல் ஆயிரக்கணக்கான வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அது 'பி.எம்.பி.ஓ.' என்னும் விளம்பரக் கணக்கு. அதைப் பொருட்படுத்தாமல் 'ஆர்.எம்.எஸ்.' எவ்வளவு என்று கேட்கச் சொன்னேன். விடை முப்பதாகச் சுருங்கிற்று! பத்து வாட்டை நூறு வாட்டாக்கினாலும் செவிக்கு ஏறத்தாழ இருமடங்கு உரப்பாகத்தான் தோன்றும் என்பதையும் சொல்லி வைத்தேன். கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டு மயங்காமல், தனக்கு நன்கு பழகிய கச்சேரிப் பதிவு ஒன்றை எடுத்துவரச் சொல்லியிருந்தேன். குரல் மூக்கடைத்தாற்போல் ஒலிக்கிறதா, வயலின் காதைக் குத்துகிறதா, தம்புராவின் கார்வை நிற்கிறதா என்று நான்கு இணைகளைக் கேட்டுப் பார்த்தான். நான்கு அங்குலக் கூம்பு கொண்ட சிறிய இணை ஒன்றை அவனே தேர்ந்தெடுத்தான். விலை 7,000 ரூபாய். மிச்சத்தில் இரவு நேரத்துக்காக ஒரு நல்ல ஹெட்ஃபோன் வாங்கினான். "படத்தில் ஹெலிகாப்டர் பின்னாலிருந்து வராதே, மாமா" என்று வழியெல்லாம் முணுமுணுத்தான். அதற்குத் திரையரங்கு இருக்கிறது என்றேன். அவனுக்கு முழு நிறைவில்லை.

அறைக்குத் திரும்பியதும் பெட்டிகளைச் செங்கல்மேல் காதளவு உயரத்தில் ஏற்றினோம். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தொலைவோ, அவன் தலைக்கும் அவ்வளவே தொலைவு. கச்சேரியை ஓடவிட்டு, அடுத்த அறை மாணவனிடம் சென்று என்ன கேட்கிறது என்று விசாரித்தேன். "மிருதங்கத்தின் தொப்பி மட்டும் கேட்கிறது, ஐயா" என்றான். மூவருமாக மேசையைத் தூக்கி, மாடிப்படியை ஒட்டிய எதிர்ச் சுவர்ப்பக்கம் கொண்டுபோய்ப் போட்டோம்.