மீட்டர்கேஜ் சுமந்த போர்



முடிச்சூரிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு வந்து கடற்கரை வண்டி ஏறுவது நம்மில் பலருக்கு அன்றாட வேலை. அந்த மின்சார வண்டி 1931 மே 11 அன்று ஓடத் தொடங்கியது. அன்று அது மீட்டர்கேஜ் பாதை. நடத்தியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. எட்டே வருஷத்தில் இரண்டாம் உலகப்போர் மூண்டது.

போருக்குத் தேவைப்பட்ட பாதைகளில், ஈராக்கில் பாஸ்ராவிலிருந்து பாக்தாத் போன பாதையும் மீட்டர்கேஜ்தான். பிறகு பர்மா முனைக்குப் படைகளைச் சுமந்த அஸ்ஸாம் பாதையும் மீட்டர்கேஜ்தான். ஆகவே போர் எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் ஊர் அளவு எஞ்சினையும் வேகனையும் தண்டவாளத்தையுமே கேட்டது. இந்தியாவிலிருந்து அவை கப்பலேறின. ஈடாகப் புதிது வாங்க வழியில்லை, பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் போர்த்தளவாடம் செய்துகொண்டிருந்தன. 1940 மார்ச்சில் ரயில் கட்டணம் ஏறியது, கூட்டமும் ஏறியது. காசு வந்தது. ஆனால் அந்தக் காசுக்கு ஒரு சக்கரம்கூட எளிதில் கிடைக்கவில்லை.

அப்போது எடுத்த முடிவு கடுமையானது. சில பாதைகளைப் பெயர்த்து அந்த இரும்பை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். மதுரை–போடிநாயக்கனூர் பாதை போயிற்று. மலபாரில் ஷொரனூர்–நிலம்பூர் பாதையும் போயிற்று. இரண்டும் திரும்பி வர 1950-கள் ஆயின. ஏலக்காய் மூட்டையோடு போடியில் நின்ற வியாபாரியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நிலக்கரி இன்னொரு கவலை. வங்காளத்துக் கரி முன்பெல்லாம் கல்கத்தாவிலிருந்து கப்பலில் சென்னைக்கு வரும். வங்கக்கடலில் ஜப்பானியக் கப்பல்கள் புகுந்தபின் அந்தப் பாரமும் ரயிலின் தலையில் விழுந்தது. கரியைக் கொண்டுவரவே கரி எரிக்க வேண்டியதாயிற்று.

1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்ததும் சென்னை காலியானது. அரசு அலுவலகங்களே வெளியூருக்கு மாறின. எழும்பூரிலிருந்து தாம்பரம் வழியே தெற்கே போன வண்டிகளில் குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு நெருக்கியடித்துப் போயின. அவசியமில்லாமல் பயணம் செய்யாதீர்கள் என்று விளம்பரம் செய்த அதே ரயில்வேதான் அத்தனை பேரையும் ஏற்றிச் சென்றது.

இதையெல்லாம் சாத்தியமாக்கியவர்கள் யார்? பழைய எஞ்சினைத் தட்டிக்கொட்டி மறுபடி ஓடவைத்த ஃபிட்டர், பாதையைக் காத்த கேங்மேன், ஃபயர்மேன். திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரயில் வேலையோடு ராணுவ விமானங்களையும் பழுதுபார்த்தார்கள். விலைவாசியோ ஏறிக்கொண்டே போனது, அரிசிக்குத் தட்டுப்பாடு.

1944 ஏப்ரல் 1 அன்று கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டது. போர் முடிந்தும் தொழிலாளிகளின் கஷ்டம் முடியவில்லை. 1946 ஆகஸ்டில் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஐந்து பேர் உயிரிழந்தார்கள். போர்க்காலம் முழுக்க வண்டியை நிற்கவிடாமல் ஓட்டியவர்களுக்குக் கிடைத்தது இது என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. பொன்மலையில் உயிரிழந்த அந்த ஐவருக்கு ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறார்கள். திருச்சிப் பக்கம் போகும் நேயர்கள் அங்கே ஒருமுறை போய்வாருங்கள்.