“எனக்கும் கணக்கு வராதும்மா” வேண்டாமே!

(நம் குடியிருப்பின் குழந்தைகள் தின விழாவில் பேசியது)

பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் வந்திருக்கிறீர்கள். ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

கணக்கில் மார்க் குறைந்து மகள் அழுதால் என்ன சொல்கிறோம்? “விடும்மா, எனக்கும் கணக்கு வராது.” அதே மார்க்கை மகன் வாங்கினால்? “விளையாட்டுப் புத்தி, ஒழுங்காப் படிக்கலை.” அவனுக்கு முயற்சி போதவில்லை, அவளுக்குத் திறமையே இல்லை. ஆறுதல் என்று நினைத்துத் தீர்ப்பு சொல்லிவிடுகிறோம்.

தீர்ப்பு சரியா? அமெரிக்காவில் 10 மாநிலங்களில், 2 முதல் 11ஆம் வகுப்பு வரையிலான கணக்கு மதிப்பெண்களை ஜேனட் ஹைட் குழுவினர் ஒப்பிட்டு 2008இல் வெளியிட்டார்கள். சராசரியில் ஆண், பெண் வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம்.

வித்தியாசம் பயத்தில் இருக்கிறது. அந்தப் பயம் பெரியவர்களிடமிருந்தும் வரும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் சியான் பைலாக் குழுவினர், 1, 2ஆம் வகுப்பு எடுக்கும் 17 ஆசிரியைகளையும் அவர்களுடைய மாணவர்களையும் கவனித்து 2010இல் எழுதினார்கள். கணக்கைக் கண்டு பதறும் ஆசிரியையிடம் ஒரு வருடம் படித்த பெண் குழந்தைகளில், “பையன்கள்தான் கணக்கில் கெட்டி” என்று நம்புகிறவர்கள் அதிகம் இருந்தார்கள். அப்படி நம்பியவர்களின் மதிப்பெண்ணும் குறைவு. பையன்களிடம் இந்தப் பாதிப்பு தெரியவில்லை.

பயம் எப்படிக் கெடுக்கிறது? 47ஐயும் 38ஐயும் கூட்டுங்கள். ஏழும் எட்டும் பதினைந்து. 5 போட்டு 1 மனதில். “தப்பாகிவிடுமோ” என்ற கவலை மனதில் இடத்தைப் பிடித்துக்கொண்டால், அந்த 1 நழுவிவிடும். கணக்கு தெரிந்த குழந்தையும் தப்பாகப் போடும்.

வங்கியில் மாலை நேரத்தில் ஒரு ரூபாய் பிசகாமல் கேஷ் டேலி செய்த பெண் காசாளர்கள் எத்தனையோ பேரோடு வேலை பார்த்தவன் நான். “பெண்களுக்குக் கணக்கு வராது” என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

வீட்டில் என்ன செய்யலாம்? தாயம், பல்லாங்குழி ஆடுங்கள். கடையில் மீதிச் சில்லறையை மகளை எண்ணச் சொல்லுங்கள். நம் பராமரிப்புக் கட்டணத்தைச் சதுர அடிக் கணக்கில் அவளே போட்டுப் பார்க்கட்டும். விடை தப்பினால், “எந்த இடத்தில் பிசகியது, எனக்குச் சொல்லிக் கொடு” என்று கேளுங்கள்.

பத்தாம் வகுப்புப் பெண்கள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். பதினொன்றாம் வகுப்பில் கணக்கு இல்லாத குரூப் எடுத்தால் பொறியியல் போன்ற பல படிப்புகளின் கதவு அப்போதே பெரும்பாலும் மூடிவிடும். அவளுக்கு விருப்பம் வேறு என்றால் தாராளமாக விடுங்கள். ஆனால் பயத்தால் விலகுகிறாளா என்று ஒருமுறை உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.