டிக்கெட்டு வாங்கியவன் கட்சி



ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலியில் 'ஒலிச்சித்திரம்' ஒலிபரப்புவார்கள். ஒரு முழுநீளப் படத்தின் ஒலியை ஒரு மணி நேரத்துக்குள் அடக்கிக் கொடுப்பார்கள். படத்தைக் கண்ணால் காணாமலே அதன் கதையை அறிந்து, அழுது, சிரித்த வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். பூட்ஸ் ஒலி கேட்டால் வில்லன் வந்துவிட்டான். வயலின் இழுத்தால் யாருக்கோ உயிர் போகிறது. கண்ணுக்கு வேலையில்லாமல் படம் புரிந்தது என்றால், அந்தப் பெருமை வானொலிக்கு மட்டும் உரியதன்று. எதையும் வாயால் சொல்லிவிடும் வழக்கம் நம் படங்களுக்கு உண்டு என்பதும் அதில் அடங்கியிருந்தது.

2024-ஆம் ஆண்டில் வெளியான சில படங்களைப் பற்றி என் கருத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். நான் விமர்சகன் அல்லன். டிக்கெட்டு வாங்கிப் படம் பார்ப்பவன். ஆகவே என் அளவுகோலும் எளியதுதான். காதால் கேட்டே தெரிந்துகொள்ளத் தக்க படம் எது? கொட்டகையில் போய் உட்கார்ந்தாலொழியக் கிடைக்காத படம் எது?

அந்த ஆண்டு தொடக்கம் சோர்வாகவே இருந்தது. ஏப்ரல் மாதத்தில் மறுபடியும் திரைக்கு வந்த 'கில்லி', இருபது ஆண்டுக்கு முந்திய படம், புதிய படங்களுக்குக் கிட்டாத கூட்டத்தைச் சேர்த்தது. வசனத்தையெல்லாம் முன்கூட்டியே சொல்லும் இளைஞர்களுக்கு நடுவே அமர்ந்து அதைப் பார்த்தேன். பாதிப் பேர் அந்தப் படம் முதலில் வந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள்!

மே மாதம் சுந்தர். சி.யின் 'அரண்மனை 4' வந்தது. பேய்ப் படம். பேய் வருவதற்கு முன்னால் கதவு கிறீச்சிடுகிறது. அது போன பிறகு நகைச்சுவை நடிகர்கள் வருகிறார்கள். குழந்தைகள் அலறினார்கள், உடனே சிரித்தார்கள். கொடுத்த காசுக்கு அது போதும். ஒலிச்சித்திரமாகப் போட்டாலும் பழுதில்லை.

ஜூன் மாதத்தில் வெளியான 'மகாராஜா' வேறு இனம். நித்திலன் சாமிநாதன் இயக்கியது. விஜய் சேதுபதிக்கு அது ஐம்பதாவது படம். முடி திருத்தும் தொழிலாளி ஒருவர் காவல் நிலையத்துக்குச் சென்று, தம் வீட்டுக் குப்பைத் தொட்டி களவு போய்விட்டது என்று புகார் கொடுக்கிறார். காவலர்கள் சிரிக்கிறார்கள், நாமும் சிரிக்கிறோம். பின்னர்க் கதையின் முன்னும் பின்னும் இடம் மாறிக் கிடந்தது தெரிகிறது. ஒரே காலத்தில் நடப்பதாக நாம் எண்ணிய இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே பல ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. இப்படி முடிச்சுப் போடுவதற்குக் கைத்திறன் வேண்டும். அது இந்த டைரக்டரிடம் தாராளமாக இருக்கிறது. பார்க்காதவர்களுக்காக முடிச்சை நான் அவிழ்க்கப் போவதில்லை. ஆயினும் வீடு திரும்பும்போது ஒரு நெருடல் என்னை விடவில்லை. ஒரு பெண் குழந்தைக்கு நேர்ந்த பெருந்துன்பம் அந்தப் படத்தில் விடுகதையின் விடையாக வருகிறது. விடை தெரிந்த வியப்பில் கொட்டகை கைதட்டிற்று. நானும் தட்டினேன். பிறகுதான், எதற்குத் தட்டினோம் என்று யோசித்தேன்.

'லப்பர் பந்து' செப்டம்பர் 20-ஆம் தேதி வெளிவந்தது. தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம் என்று சொன்னால் நம்புவது கடினம். ஊர்ப் பொட்டலில் ரப்பர் பந்து வைத்து ஆடும் கிரிக்கெட்டுதான் கதை. வயது ஏறியும் மட்டையைக் கீழே வைக்க மனமில்லாத ஒரு குடும்பஸ்தர். 'கெத்து' என்பது ஊரார் இட்ட பெயர். அவருடைய ஆட்டத்தில் இருக்கும் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்ட இளைஞன் அன்பு. அவன் காதலிப்பதோ அவருடைய மகளையே. மாமனாரும் மருமகனும் முட்டிக்கொள்ளும் கதை நமக்குப் புதிதன்று. ஆனால் இத்தனை திறமையுள்ள அன்புவுக்குச் சொந்த ஊர் அணியில் இடமில்லை. காரணம், அவன் பிறந்த சாதி. இதை மேடைப் பேச்சாக ஆக்காமல், ஆட்டத்துக்கு ஆள் பிரிக்கும்போது எழும் சின்னச் சின்ன மௌனங்களிலேயே காட்டிவிடுகிறார்கள். அட்டகத்தி தினேஷ் மட்டையோடு நடந்து வரும்போது பழைய விஜயகாந்த் படப் பாட்டு ஒன்று ஒலிக்கிறது. 2023 டிசம்பரில் மறைந்த அந்த நடிகருக்கு யாரும் அழைக்காமலே கொட்டகை எழுந்து நின்றது. கோபக்கார மனைவியாக வரும் சுவாசிகாவின் நடிப்பைத் தனியே பாராட்ட வேண்டும். வாசற்படியில் நின்று ஒரு பார்வை பார்க்கிறார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் பூனையாகிவிடுகிறார்.

அடுத்த வாரமே 'மெய்யழகன்'. '96' என்ற படத்தைத் தந்த பிரேம்குமார் இயக்கியது. தஞ்சாவூர் வீட்டை 1996-இல் இழந்து சென்னைக்குப் போன ஒருவர், பல ஆண்டு கழித்து ஒரு கலியாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். 'அத்தான், அத்தான்' என்று உயிரை விடும் ஓர் உறவினன் வந்து ஒட்டிக்கொள்கிறான். அவன் யார், பெயர் என்ன என்பது இவருக்கு நினைவில்லை, கேட்கவும் வெட்கம். நம்மில் யாருக்கு இந்தச் சங்கடம் நேர்ந்ததில்லை? இவர் விட்டுச் சென்ற ஒரு பழைய சைக்கிள் அவன் குடும்பத்தையே நிமிர்த்தியிருக்கிறது என்று தெரியும் இடத்தில் அரவிந்த்சாமி பேசுவதில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்பதையே நடிப்பாக்குவது பெரிய காரியம்.

படம் நீளம் என்று குறை எழுந்தது. வெளியாகிச் சில நாட்களில் ஏறத்தாழப் பதினெட்டு நிமிடங்களை வெட்டிவிட்டார்கள். நான் இரண்டையும் பார்த்தேன். முதல் முறை நானே ஓரிடத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. இரண்டாம் முறை படம் விறுவிறுவென்று போயிற்று. ஆனால் இரவெல்லாம் விழித்துப் பேசிய இரண்டு பேரோடு நானும் விழித்திருந்தேன் என்ற உணர்ச்சி போய்விட்டது. பொறுமையற்ற என்னைப் போன்றவர்களுக்காகச் செய்த காரியத்தில் நஷ்டப்பட்டவனும் நானே.

கடைசியாக, ஆகஸ்ட் 23-ஆம் தேதிக்கு வருகிறேன். அன்று ஒரே நாளில் இரண்டு படங்கள் வெளியாயின. ஒன்று மாரி செல்வராஜின் 'வாழை'; மற்றது பி. எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'.

'வாழை' அந்த டைரக்டர் தம் இளமையில் கண்டதிலிருந்து பிறந்த கதை. ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் காய் சுமக்கும் குடும்பத்துச் சிறுவன். விடுமுறை என்றால் மற்றப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இவனுக்கோ கழுத்து வலி. டீச்சர் மேல் உள்ள பாசத்தால் ஒரு நாள் சுமைக்குப் போகாமல் பள்ளிக்குப் போகிறான். அன்றுதான் லாரி கவிழ்கிறது. முற்பகுதி நெடுகச் சிரித்த கொட்டகையில் பிறகு விசும்பல்தான் கேட்டது. என்னுடைய குறை ஒன்றுதான்: பெற்றவர்களின் ஒப்பாரியே நெஞ்சை அறுக்கும்போது, அதற்கு மேல் இசையும் வந்து நம்மைத் தாங்கிப் பிடிக்க வேண்டுமா?

'கொட்டுக்காளி'யில் அந்தத் தாங்கல் கிடையாது. பாட்டில்லை, பின்னணி இசையே இல்லை. மீனா என்ற பெண் பேச்சை நிறுத்திவிட்டாள். பேய் பிடித்துவிட்டதென்று முறைமாப்பிள்ளை பாண்டியும் உறவினர்களும் அவளை ஆட்டோவில் ஏற்றி, ஒரு சேவலையும் கூட்டிக்கொண்டு, சாமியாடியிடம் போகிறார்கள். போவதுதான் படம். ஆட்டோ உறுமுகிறது, நின்றுவிடுகிறது, தள்ளுகிறார்கள். வழியை ஒரு காளை மறித்துக்கொள்ள, அத்தனை ஆண்களும் திகைத்து நிற்கிறார்கள். ஒரு சிறுமி வந்து அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். அன்னா பென் வாய் திறவாமலே கதையைச் சுமக்கிறார். தொண்டை கட்டிப்போன குரலில் சூரி சீறுவதைக் கேட்டால், ஒரு காலத்தில் இவரா நம்மைச் சிரிக்க வைத்தவர் என்று தோன்றும்.

பெர்லின் விழாவுக்குப் போய்வந்த இத்தகைய படத்தைக் கொட்டகைக்கே கொண்டுவந்திருக்கக் கூடாது என்று திரையுலகத்திலேயே பேச்சு எழுந்தது. இங்கேதான் என் கட்சி மாறுபடுகிறது. ஒலிச்சித்திரமாக்க முடியாத படம் இது. வீட்டில் கைப்பேசியில் பார்த்தால், ஆட்டோச் சத்தத்துக்கு நடுவே எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவோம். பேசாத பெண்ணோடு ஒன்றரை மணி நேரம் வேறு வழியின்றி உட்கார்ந்திருக்கக் கொட்டகை ஒன்றுதான் இடம். அவள் மௌனம் முதலில் சலிப்பாக இருந்தது, பிறகு எரிச்சல், பிறகு, அவளை ஏற்றிப் போகிறவர்களில் நானும் ஒருவன் என்று உறைத்தது.

நான் போன காட்சிக்குச் சுமார் முப்பது பேர் இருந்தோம். இடைவேளையில் சிலர் திரும்பவில்லை. முடிவில், பாண்டியின் முகத்தில் ஏதோ மாறுகிறது. அவன் என்ன செய்யப் போகிறான் என்று சொல்லாமலே திரை இருண்டுவிடுகிறது. விளக்குப் போட்டும் யாரும் எழவில்லை. துடைப்பத்தோடு வந்த அம்மாள் வாயிலில் தயங்கி நின்று, "படம் முடிஞ்சிடுச்சுங்களா?" என்று கேட்டார். எங்களில் ஒருவரும் உடனே பதில் சொல்லவில்லை.