பெயர் என்னங்க?



தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரஸ் திருப்பூரில் வந்து நின்றால், நடைமேடையில் கொஞ்ச நேரம் தமிழே காதில் விழாது. தோளில் பை, தலையில் மூட்டை, கூடவே முதன்முதலாக ஊர்விட்டு வந்த தம்பி. நிலையத்துக்குப் பக்கத்திலேயே குமரன் நினைவகம். 1932 ஜனவரியில் அடிபட்டுச் சாய்ந்தபோதும் கொடியை விடாத அந்தக் குமரனும் சென்னிமலையில் பிறந்து, பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தவர்தான். பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் இன்று உள்ளூர்க்காரர்கள்.

2023 மார்ச், ஹோலிக்குச் சில நாட்கள் முன்பு, தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. பொய் என்றார் அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு. பரப்பப்பட்ட காட்சிகளில் ஒன்று பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை. இன்னொன்று கோவை உள்ளூர்க்காரர்களின் சண்டை. பீகார் அரசு அதிகாரிகளே நேரில் வந்து தொழிலாளர்களிடம் விசாரித்தார்கள். ஆனாலும் ஊரிலிருந்து அம்மா போனில் அழுதால் எவன் மிஷினில் உட்காருவான்?

பனியன் கம்பெனியில் ஒரு ஆள் எழுந்து போனால் என்ன ஆகும் தெரியுமா? ஓவர்லாக் மிஷினில் தோள் சேர்ந்த பீஸ், அடுத்த பேட்லாக் மிஷினுக்குப் போகாமல் குவிந்து கிடக்கும். கைமடிக்கும் அக்காவுக்கு வேலை இல்லை, செக்கிங்குக்கும் இல்லை. பீஸ் ரேட்டில் இருப்பவருக்குச் சனிக்கிழமை சம்பளம் குறையும். பாட்னாவில் கிளம்பிய பயம் அவினாசி ரோட்டில் ஒரு வீட்டு அரிசியில் கை வைக்கிறது. நாட்டு ஒற்றுமை என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

சகிப்புத்தன்மை என்ற சொல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. சகித்துக்கொள்ள வெளியூரிலிருந்து வந்த இந்தத் தொழிலாளர்கள் என்ன பல்வலியா? ஒரே அறையில் பத்துப் பேரை அடைத்து ஆளுக்கொரு வாடகை வாங்கிவிட்டு, 'அந்த ரூம் எப்பவும் சத்தம்' என்று குறைப்படுவதை என்னவென்று சொல்ல? அவர்களின் பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்களா என்று கேட்பவர் குறைவு.

1966-இல் தொடங்கிய சிவசேனை மும்பையில் நம் ஆட்களை எதிர்த்தபோது சொன்ன பெயர் 'மதராசி'. தமிழன், மலையாளி, கன்னடியன் என்ற வேறுபாடுகூட இல்லை. அந்த வலி நமக்குத் தெரியும். அப்படியிருந்தும் 'வடக்கன்' என்ற சொல் நம் வாயில் எவ்வளவு சுலபமாக வருகிறது!

நாளைக்கு டீ டைமில், பக்கத்து மிஷின்காரரிடம் பெயர் என்னங்க என்று கேளுங்கள். எந்த ஊர் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.