வீட்டுக் கொட்டகையில் ஒரு மோட்டார்

‘ஹாட் ராட்’ என்று ஓர் ஆங்கிலச் சொற்றொடர் உண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதனைத் தமிழாக்குவது எளிதாக இல்லை. அகராதியை நம்பிச் ‘சூடான கோல்’ என்று எழுதினால் கேட்பவர் சிரிப்பர். ‘ஹாட் ரோட்ஸ்டர்’ என்பதன் சுருக்கமே அது என்பர் சிலர். வேறு விளக்கம் தருவோரும் உளர். சொல் எவ்வாறு பிறந்திருப்பினும் பொருள் தெளிவானது. பழைய கார் ஒன்றை வாங்கி, வேண்டாத சுமைகளையெல்லாம் களைந்தெறிந்து, வலிமை மிக்க வேறோர் என்ஜினைப் பொருத்தி, தன் விருப்பத்துக்கு ஏற்பத் தன் கையாலேயே ஒருவன் மீண்டும் ஆக்கிக்கொண்ட மோட்டார் வண்டியே ஹாட் ராட் ஆகும். அதனைத் ‘தன்னாக்க மோட்டார்’ என்று இவ்வுரையில் வழங்கலாம் எனக் கருதுகிறோம். இதனினும் நல்ல சொல் நேயர்களுக்குத் தோன்றினால் மகிழ்ச்சியே.

இக்கலை செழித்தது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில். அங்கே மியூராக், எல் மிராஜ் என்னும் வறண்ட ஏரிப் படுகைகள் உள்ளன. நீர் வற்றி, தரை காய்ந்து, பல மைல் தூரம் சமதளமாய்க் கிடக்கும் அந்த வெளியில் 1930களில் இளைஞர்கள் தம் வண்டிகளை ஓட்டி வேகத்தை அளந்தனர். அவர்களிற் பலரிடம் பணம் இல்லை. ஆனால் பழைய ஃபோர்டு கார்கள் மலிவாகக் கிடைத்தன. 1908 முதல் 1927 வரை ஃபோர்டு நிறுவனம் ‘மாடல் டி’ கார்களை ஒன்றரைக் கோடி அளவில் செய்து தள்ளியிருந்தது. அதன் என்ஜினுக்கு இருபது குதிரைத்திறன்தான். 1932இல் அதே நிறுவனம் எட்டு சிலிண்டர் என்ஜின் ஒன்றை 65 குதிரைத்திறனுடன் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் வெளியிட்டது. இலேசான பழைய வண்டியில் இந்தப் புதிய என்ஜினை வைத்தால் என்னவாகும்? அந்தக் கேள்விக்கு ஆயிரக்கணக்கான வீட்டுக் கொட்டகைகளில் விடை காணப்பட்டது. 1937இல் தெற்குக் கலிபோர்னிய நேரப்பதிவுச் சங்கம் தோன்றியது. உலகப் போர் முடிந்தபின், 1948 ஜனவரியில், இதற்கெனவே ஒரு பத்திரிகையும் வந்தது.

இது அங்கே எளிதாக நடந்தேறியதற்கு யந்திர நுட்பம் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. அக்காலக் கார்களில் அடிச்சட்டம் வேறு, மேற்கூடு வேறு. நம்மவர் ‘சேஸிஸ்’ என்று சொல்லும் அடிச்சட்டம் ஏணியைப் போன்றது: இருபுறமும் இரண்டு நீண்ட எஃகு விட்டங்கள், குறுக்கே சில சட்டங்கள். என்ஜின், சக்கரம், ஸ்டியரிங் யாவும் அந்த ஏணியோடு பிணைந்தவை. மேற்கூட்டை போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கி எடுத்துவிட்டாலும் வண்டி ஓடும். பிற்காலக் கார்களிலோ கூடே சட்டம், சட்டமே கூடு. நம் நாட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய அம்பாசடர் அப்படிப்பட்டதே. அதன் கூரையை அறுத்தால் முதுகெலும்பையே அறுத்ததாகும்.

ஆகவே இந்தியாவில் இவ்வேலையில் இறங்கியவர்கள் இரண்டு வண்டிகளைத் தேடிப் போயினர். ஒன்று ஜீப். மற்றொன்று சென்னையை அடுத்த வண்டலூரில் 1960களில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஹெரால்டுக்கு அடிச்சட்டம் தனி; மேற்கூடும் பகுதி பகுதியாகக் கழலும். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அங்கே ஆண்டுதோறும் பந்தயங்கள் நடத்தியது. கொட்டகைகளில் உருமாறிய வண்டிகளைப் பார்க்க வெயிலில் மக்கள் திரண்டு நின்றனர். 1990இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அக்கழகம் தனிப் பந்தயப் பாதையைத் திறந்தது.

கோயம்புத்தூரை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. ஜி. டி. நாயுடு அவர்கள் கிராமத்தில் ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, நகரத்துக்குச் சென்று ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதை முழுவதும் பிரித்து மீண்டும் பூட்டினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பள்ளிப் படிப்பில் நாட்டம் இல்லாத ஒருவர் யந்திரத்தைப் படித்த விதம் அது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டித் தொடங்கிய அவர், 1952இல் இருவர் அமரும் சிறிய பெட்ரோல் கார் ஒன்றையும் உருவாக்கினார். அதைப் பெருமளவில் செய்து விற்க அரசாங்க அனுமதி கிடைக்கவில்லை. அதே ஊரில் பின்னொரு காலத்தில் கரிவரதன் என்பவர், மாருதி 800 காரின் என்ஜினையும் கியர் பெட்டியையும் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னே மாற்றி வைத்து, ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை அமைத்தார். விலையுயர்ந்த அயல்நாட்டு வண்டி இல்லாமலே பந்தயம் பழக அது வழி செய்தது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன் தொடக்க நாட்களில் ஓட்டியவற்றில் அத்தகைய வண்டியும் ஒன்று. கரிவரதன் 1995இல் வான்விபத்தில் மறைந்தார். செட்டிப்பாளையத்திலுள்ள பந்தயப் பாதைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது.

நாம் குடியிருக்கும் பெங்களூரு ஈஜிபுராவுக்கு வருவோம். கோரமங்கலத்துக்கும் விவேக்நகருக்கும் இடையே, இருபதுக்கு முப்பது அடி மனைகளில் சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள் நிற்கும் பகுதி இது. 2017இல் தொடங்கிய மேம்பாலப் பணி பல ஆண்டுகள் அரைகுறையாய் நின்றமையால் ஈஜிபுரா என்ற பெயர் நகரெங்கும் பரவியது. அந்தப் புகழ் நமக்கு வேண்டியதில்லை. நம் தெருவில் தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றில் ஒன்றின் தலைவர் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். அவருடைய மகன் லேத் வேலையும் வெல்டிங்கும் கற்றவர். வீட்டின் பின்னே தகரக் கொட்டகை ஒன்று. சிவாஜிநகர் குஜரியில் வாங்கிய பழைய ஜீப் சேஸிஸ் ஒன்று அங்கே வந்து இறங்கியது. அம்பாசடர் காரில் ஒரு காலத்தில் வந்த 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் என்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் பிறகு வந்தன.

தந்தையார் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலக் காகிதக் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். “சார், இதிலே என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தமிழில் சொல்லுங்கள். பையன் இரண்டு லட்சம் போட்டிருக்கிறான். என் சேமிப்பும் அதிலே இருக்கிறது. வண்டி ரோட்டில் ஓடலாமா, கூடாதா?” என்று கேட்டார்.

அது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். 52ஆம் பிரிவை அவருக்குப் படித்துப் பொருள் சொன்னோம். பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள், தயாரித்த நிறுவனம் முதலில் வகுத்த விவரங்களினின்று மாறுபடும்படி வண்டியின் சொந்தக்காரர் எந்த மாற்றமும் செய்யலாகாது என்பது அதன் கருத்து. எரிபொருளை மாற்றுவதற்கும், உடற்குறை உடையோருக்கு ஏற்ப அமைப்பதற்கும் வழி உண்டு; மற்றபடி கதவு சாத்தியே இருக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியின்றிச் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால், மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு இடம் கிடைத்துவிடும். பழம்பெரும் வண்டி என்று பதிவு செய்யலாமே என்று மகன் கேட்டார். 2021இல் வந்த அவ்விதி ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு உரியது. ஆனால் சட்டம், கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. தன்னாக்க மோட்டாரோ பெரிய மாற்றமே உருவெடுத்து வந்தது.

தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. “நாங்கள் சேஸிஸை மட்டும் ஓட்டிக்கொண்டு போவோமே, அது?” என்று பிறகு கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. கம்பெனியிலிருந்து வெறும் சட்டமும் என்ஜினும் மட்டும் புறப்படும். கண்ணாடியும் கூரையும் இல்லாமல், பலகை இருக்கையில் தலைக்குத் துண்டு கட்டிய ஓட்டுநர் அதை நாமக்கல்லுக்கோ கரூருக்கோ ஓட்டிச் செல்வார். அங்கே தச்சரும் கொல்லரும் டிங்கரும் சேர்ந்து லாரிக்கும் பேருந்துக்கும் கூடு கட்டுவர். இத்தகைய கைத்திறனைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த மக்கள் நாம். ஆனால் அங்கே கூடு கட்டுவோருக்குத் தனி அங்கீகாரமும் விதித்தொகுப்பும் உள்ளன. தனி மனிதன் தன் வீட்டில் செய்த ஒரே ஒரு வண்டியைச் சோதித்து ஏற்பதற்கு ஏற்ற எளிய வழி நம் சட்டத்தில் இல்லை. பிரிட்டனில் அது உண்டு: அதிகாரி ஒருவர் அந்த ஒற்றை வண்டியை ஆராய்ந்து, தகுதி இருந்தால் பதிவுக்கு அனுமதிக்கிறார். நம் நாட்டிலும் இத்தகைய ஏற்பாடு வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். சைலன்ஸரைக் கழற்றி இரவில் ஊரை எழுப்புபவனையும், ஓராண்டு உழைத்து ஒரு வண்டியைச் சமைப்பவனையும் ஒரே தராசில் நிறுப்பது சட்டத்துக்கு அழகன்று.

எனினும் சட்டத்தின் அச்சம் வெற்று அச்சமும் அன்று. இதை அந்த ஜீப்பைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். பழைய வில்லிஸ் ஜீப்பில் உந்துதண்டு ஏறத்தாழ ஐந்தரை முறை சுழன்றால்தான் சக்கரம் ஒருமுறை சுழலும். சேற்றிலும் மேட்டிலும் இழுப்பதற்கான அமைப்பு அது. வேறு என்ஜினை வைத்துவிட்டால் மட்டும் வேகம் வந்துவிடாது; என்ஜின் அலறும், அவ்வளவே. ஆகவே கிரவுன் பினியனையும் மாற்ற வேண்டும். மாற்றினால் வேகம் வருகிறது. வேகம் இரட்டித்தால் நிறுத்துவதற்கு உரிய ஆற்றலோ நான்கு மடங்காகிறது. மணிக்கு நாற்பது மைல் வண்டிக்கு அளவாய் இருந்த டிரம் பிரேக், எண்பதில் சூடேறித் தளர்ந்துவிடும். பிரேக்கை மாற்றினால் முன் அச்சும் ஸ்பிரிங்கும் அந்த இழுப்பைத் தாங்க வேண்டும். ஒரு நூலை இழுத்தால் துணி முழுவதும் அசைவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக வேலை வளர்கிறது. என்ஜினை மட்டும் மாற்றி மற்றதை விட்டுவிடுபவரே பிறர் உயிருக்குத் தீங்கு.

அந்த இளைஞர் பொறுமைசாலி. கொட்டகைத் தரையை முதலில் ரசமட்டம் வைத்துச் சமன் செய்தார். சேஸிஸை நான்கு தாங்கிகளில் நிறுத்தி, அதன் மூலைகளிலிருந்து தூக்குக் குண்டு தொங்கவிட்டு, தரையில் சாக்கட்டியால் புள்ளியிட்டு, குறுக்கு அளவுகள் இரண்டையும் நூல் பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒத்திருந்தால் சட்டம் நேராக உள்ளது. அவருடையதில் கால் அங்குலம் பிசகியிருந்தது. எப்போதோ மோதிய வண்டி போலும். அதை நிமிர்த்தவே ஒரு மாதம் ஆயிற்று. இணைப்புகளில் விட்டத்தின் மேல்விளிம்பில் துளையிடாமல், பக்கத்தில் தகடு சேர்த்து வெல்டிங் செய்தார். விளிம்பிலுள்ள சிறு துளையே நாளடைவில் விரிசலுக்கு வாயாகும். பெட்ரோல் தொட்டிக்கு அருகே வெல்டிங் வைக்கும்போது நாம் ஒன்றை வற்புறுத்தினோம்: காலியான தொட்டி நிறைந்த தொட்டியினும் அபாயமானது, ஏனெனில் அதனுள்ளே ஆவி நிற்கிறது. தொட்டியைக் கழற்றித் தெருக்கோடிக்கே கொண்டுபோய் வைத்தார். இரவு பத்து மணிக்குமேல் கிரைண்டர் ஓட்டுவதில்லை என்று அண்டை வீட்டாருக்கு வாக்களித்தார். அவர்களில் கன்னடர், தெலுங்கர் எல்லாரும் உளர், பெரியவர் ஒருவர் நாள்தோறும் வந்து “கெலச எல்லிகே பந்து?” என்று வேலையின் போக்கை விசாரித்துப் போகிறார்.

இத்தகைய முயற்சியில் இறங்க எண்ணும் நேயர்களுக்கு மற்றொன்றும் சொல்ல வேண்டும். பெங்களூரின் ஜே. சி. சாலையாயினும் சென்னைப் புதுப்பேட்டையாயினும், சேஸிஸோ என்ஜினோ வாங்கும்போது அதில் பொறித்த எண்ணுக்கும் விற்பவர் காட்டும் காகிதத்துக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். காகிதம் இல்லாத மலிவுச் சரக்கு திருட்டுச் சரக்காகவும் இருக்கலாம். வேற்று மாநிலத்தில் வாழும் நாம் காவல் நிலையத்தில் விளக்கம் சொல்லி நிற்பது ஒரு நாள் கூலியோடு முடியும் காரியம் அன்று.

தந்தைக்கும் மகனுக்கும் பல நாள் பேச்சு நடந்தது. விற்றுவிடு என்றார் தந்தை. விற்றாலும் வாங்குபவன் சாலையில் ஓட்டுவானே என்றார் மகன். முடிவில் மூன்றாவது வழி ஒன்று புலப்பட்டது. பொதுச் சாலையைத் தொடாமல், மூடிய பந்தயப் பாதைக்கென்றே வண்டியை அமைப்பது. அங்குள்ள அமைப்பாளர் கேட்கும் பாதுகாப்புக் கூண்டு, ஐந்து முனை இருக்கைப் பட்டை, தீயணைப்புக் கருவி ஆகியவற்றை முறைப்படி பொருத்துவது. வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கேயே இறக்குவது. செட்டிப்பாளையத்துப் பாதையில் பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாமே செய்த வண்டிகளைக் கொண்டுவந்து ‘ஃபார்முலா பாரத்’ போட்டியில் ஆண்டுதோறும் ஓட்டுகிறார்கள் என்பதை மகன் தந்தைக்கு எடுத்துக் காட்டினார்.

கூண்டுக்கான எஃகுக் குழாய் இப்போது வாங்கியாயிற்று. பெங்களூரிலிருந்து கோயம்புத்தூருக்கு ஏற்றுக்கூலி எவ்வளவு ஆகும் என்று தந்தையார் தம் பழைய லாரி நண்பர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார். ஓசூர் வழியாகப் போனால் சுங்கம் எத்தனை இடத்தில் என்பதையும் காகிதத்தில் குறித்து வைத்திருக்கிறார்.